கணினிக் கேள்வி–பதில்: பூட்டிய வட்டும் நின்றுபோன பூட்லோடரும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியின் வட்டை மறையாக்கம் செய்து பூட்டி வைத்திருப்பவர்கள் எழுதியவை. நான்கு பேருக்குக் கணினி தொடங்கும்போதே நின்றுவிட்டது. ஒருவர் நிற்பதற்கு முன்பாகவே என்ன செய்து வைக்கலாம் என்று கேட்கிறார். நின்றுபோனவர்களில் மூன்று பேரிடம், பக்கத்தில் இருந்த யாரோ “ஃபார்மேட் அடித்துவிடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுப் பதறித்தான் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிபெயர்த்துத் தந்துள்ளேன். அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தைத் தனியே சுட்டியிருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: ஐயா, வணக்கம். என் மடிக்கணினியில் டெபியன் 12 நிறுவியபோது, நிறுவல் நிரல் காட்டிய வழியிலேயே, வட்டைத் தொகுதிகளாகப் பிரித்தாளும் எல்விஎம்முடன் வட்டை மறையாக்கம் செய்துகொண்டேன். கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள பூட் பிரிவு மட்டும் பூட்டப்படாமல் வெளியே கிடப்பது மனத்தை உறுத்தியது. அதில் இருந்தவற்றைப் பூட்டிய பகுதிக்குள் நகர்த்தி, கணினியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பின் அமைவுக் கோப்பில், பூட்டிய வட்டைத் திறக்க உதவும் கிரிப்டோடிஸ்க்கை இயக்கும் வரியைச் சேர்த்து, கிரப்பை மறுபடி நிறுவினேன். மறுநாள் கணினியைத் திறந்தால், கடவுத்தொடரைக் கேட்காமலேயே வட்டு கிடைக்கவில்லை என்றொரு பிழைச் செய்தி வந்து, அதன்கீழ் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்பதோடு நின்றுவிடுகிறது. பாசன வாய்க்கால்களைப் பற்றி மூன்றாண்டுகளாக நான் எடுத்த களக் குறிப்புகள் உள்ளே இருக்கின்றன. அவற்றை மீட்க வழி உண்டா?

பதில்: உங்கள் குறிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை நீங்கள் அழிக்கவில்லை, கிரப்பும் அழிக்கவில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு, கணினியை யாரிடமும் கொடுத்து எதையும் நிறுவச் சொல்லாமல் மூடி வையுங்கள்.

நீங்கள் வாய்க்கால்களை ஆராய்பவர் என்பதால் அந்த வழியிலேயே சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்து வயலில் தண்ணீர் ஏறவில்லையென்றால் யாரும் வயலைக் குற்றம் சொல்வதில்லை. வயல் மடையைப் பார்த்து, கிளை வாய்க்காலைப் பார்த்து, பாமணியாற்றுக்குப் போய், அங்கும் இல்லையென்றால் நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு வரை போய்ப் பார்ப்பார்கள். கணினி தொடங்குவதும் அப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் மதகுகளின் வரிசைதான். மின்விசையை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள யுஇஎஃப்ஐ என்னும் தொடக்க நிரல் விழிக்கிறது. அது வட்டின் முதல் பிரிவான இஎஃப்ஐ பிரிவில் இருக்கும் கிரப்பை எழுப்புகிறது. கிரப், பூட் அடைவில் உள்ள, இயங்குதளத்தின் கருவான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொடக்கத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் கிரிப்ட்செட்டப் நிரல் உங்களிடம் கடவுத்தொடரைக் கேட்டுப் பூட்டைத் திறக்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் குறிப்புகள் இருக்கும் கோப்பமைவு கண்ணுக்குத் தெரிகிறது.

உங்கள் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ தெரிகிறது என்றால், யுஇஎஃப்ஐ தன் வேலையை முடித்துவிட்டது, கிரப்பும் எழுந்துவிட்டது என்று பொருள். ஆனால் எழுந்த கிரப்புக்குத் தன்னுடைய அமைவுக் கோப்பும் துணை நிரல்களும் இருக்கும் அடைவு கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த அடைவை நீங்கள் பூட்டுக்குள் வைத்துவிட்டீர்கள்.

கிரிப்டோடிஸ்க் வரியைச் சேர்த்தும் ஏன் திறக்கவில்லை என்பதுதான் இதில் நுணுக்கமான இடம். டெபியன் 12 தன் வட்டுப் பூட்டை லக்ஸ் 2 என்னும் வடிவத்தில் அமைக்கிறது. நீங்கள் இடும் கடவுத்தொடரிலிருந்து சாவியைப் பிழிந்தெடுக்க அது ஆர்கான்2ஐடி என்ற முறையைக் கையாளுகிறது. 2015இல் முடிந்த கடவுச்சொல் முறைகளுக்கான பொதுப்போட்டியில் வென்ற ஆர்கான்2 குடும்பத்தைச் சேர்ந்தது இது. வேண்டுமென்றே நிறைய நினைவகத்தை, கிரிப்ட்செட்டப்பின் இயல்பமைவில் 1 ஜிபி வரை, கேட்கும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். திருடிய வட்டில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சொற்களை முயன்று பார்ப்பவருக்கு அந்த நினைவகச் செலவே பெரிய தடை. டெபியன் 12இல் உள்ள கிரப்போ 2.06ஆம் பதிப்பு. லக்ஸ் 2ஐ ஓரளவுக்குப் படிக்கக் கற்றுக்கொண்ட பதிப்பு அதுதான் என்றாலும், பழைய பிபிகேடிஎஃப்2 முறையில் செய்த சாவியை மட்டுமே அதனால் பயன்படுத்த முடியும். ஆர்கான்2 அதற்குத் தெரியாது. போதாததற்கு, அந்தப் பதிப்பின் நிறுவல் நிரல் லக்ஸ் 2 பூட்டுக்கு வேண்டிய துணை நிரல்களைத் தானாகவே சேர்த்துக்கொள்வதும் இல்லை. ஆகவே கடவுத்தொடரைக் கேட்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாமல் போயிற்று.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. பூட்டை பிபிகேடிஎஃப்2 முறைக்கும் லக்ஸ் 1 வடிவத்துக்கும் மாற்றி, கிரப்புக்குப் புரியும்படி இறக்குவது ஒன்று. பூட் அடைவைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவது மற்றொன்று. நான் இரண்டாவதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். பூட் அடைவில் இருப்பவை கெர்னல், தொடக்கத் தொகுப்பு, கிரப்பின் கோப்புகள் ஆகியவை மட்டுமே. உங்கள் எழுத்து ஒரு வரிகூட அங்கே இல்லை. அந்தக் கோப்புகளை யாராவது இரகசியமாக மாற்றி வைத்தால் என்ன செய்வது என்ற உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் பூட் அடைவைப் பூட்டினாலும் கிரப் இருக்கும் இஎஃப்ஐ பிரிவு வெளியேதான் இருந்தாக வேண்டும். கை வைக்கக் கூடிய இடம் ஒரு படி நகருமே தவிர மறையாது. அந்த அச்சத்துக்கு, கிரப்பிலும் கெர்னலிலும் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்கும் ‘செக்யூர் பூட்’ வசதியை இயக்கி வைப்பது, முழுக் காப்பு இல்லையென்றாலும், உதவும். அதற்காக வலுவான ஆர்கான்2 பூட்டைக் கழற்றிவிட்டு வலுக் குறைந்த பூட்டைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி செய்முறை. வேறொரு கணினியில், நிறுவாமலேயே டெபியனை இயக்க உதவும் டெபியன் லைவ் யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து உங்கள் மடிக்கணினியைத் தொடங்குங்கள். முனையத்தைத் திறந்து, முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகி, ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை, இடைவெளி விட்டுச் சிறுகோட்டுடன் ‘எஃப்’ சேர்த்து இடுங்கள். வட்டின் பிரிவுகள் கிளை கிளையாகத் தெரியும். நிறுவல் நிரலின் இயல்பான ஏற்பாட்டை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், முதல் பிரிவு இஎஃப்ஐ, இரண்டாவது பழைய பூட், மூன்றாவது பூட்டிய பகுதி. மூன்றாவதற்கு எதிரே ‘கிரிப்டோ லக்ஸ்’ என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். பூட்டின் சாவி அடங்கிய தலைப்பகுதி அதன் இடத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அடுத்து ‘கிரிப்ட்செட்டப் லக்ஸ்டம்ப்’ என்ற கட்டளையோடு மூன்றாம் பிரிவின் பெயரை இடுங்கள். ‘டம்ப்’ என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. வெளிவரும் நீண்ட பட்டியலில் பதிப்பு 2 என்றும், கடவுத்தொடர் ஒவ்வொன்றுக்கும் உரிய சாவி இடுக்கின் கீழ் ஆர்கான்2ஐடி என்றும் இருக்கும். மேலே நான் சொன்னதை உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். வேறு எதையும் தொடும் முன் தலைப்பகுதியை நகலெடுங்கள். எப்படி என்பது கடைசிப் பதிலில் இருக்கிறது.

பிறகு ‘கிரிப்ட்செட்டப் ஓப்பன்’ கட்டளையால் பூட்டைத் திறக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். திறக்கும்போது கொடுக்கும் பெயர் நம் விருப்பத்துக்கு உரியது அன்று. உங்கள் கணினியின் ஈடிசி அடைவில் உள்ள கிரிப்ட்டேப் கோப்பில் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதே பெயரைத்தான் கொடுக்க வேண்டும். டெபியன் பெரும்பாலும் பிரிவின் பெயரோடு அடிக்கோடும் ‘கிரிப்ட்’ என்ற சொல்லும் சேர்த்து அந்தப் பெயரை வைத்திருக்கும். வேறு பெயரில் திறந்தாலும் கோப்புகள் தெரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் பின்னால் தொடக்கத் தொகுப்பைப் புதுப்பிக்கும்போது, திறந்திருக்கும் பூட்டையும் கிரிப்ட்டேப் வரியையும் இணைத்துப் பார்க்க முடியாமல், பூட்டைத் திறக்கும் ஏற்பாடு இல்லாத தொகுப்பு ஒன்று உருவாகிவிடும். ஒரு நாள் வேலை ஓர் எழுத்தால் வீணாவது இப்படித்தான்.

பூட்டு திறந்ததும் எல்விஎம் தொகுதிகள் தெரியாவிட்டால் ‘விஜிசேஞ்ச்’ கட்டளையைச் சிறுகோட்டுடன் ‘ஏ’, ‘ஒய்’ என்ற இரு எழுத்துகளும் சேர்த்து இடுங்கள். ரூட் தொகுதியை எம்என்டி அடைவில் ஏற்றுங்கள். இப்போது அதற்குள் இருக்கும் பூட் அடைவுதான் நீங்கள் நகர்த்தி வைத்தது. இரண்டாம் பிரிவைத் தற்காலிகமாக வேறோர் அடைவில் ஏற்றி, இந்தக் கோப்புகள் அனைத்தையும் அதற்குள் நகலெடுத்த பிறகு, இரண்டாம் பிரிவை அதன் உண்மையான இடமான பூட் அடைவின் மேலும், முதல் பிரிவை பூட் அடைவுக்குள் இருக்கும் இஎஃப்ஐ அடைவின் மேலும் ஏற்றுங்கள். எந்தப் பிரிவு எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பூட் பிரிவுக்கான வரியை நீக்கியிருந்தால் அதைத் திரும்பச் சேருங்கள்.

அடுத்து டெவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கு அடைவுகளையும் ‘மவுண்ட்’ கட்டளையின் ‘ஆர்பைண்ட்’ விருப்பத்தால் எம்என்டிக்குள் பிணைத்து, ‘சிஹெச்ரூட்’ கட்டளையால் உங்கள் சொந்த அமைப்புக்குள் நுழையுங்கள். அங்கே, ஈடிசியின் டிஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பில் நீங்கள் சேர்த்த கிரிப்டோடிஸ்க் வரியை எடுத்துவிட்டு, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையை எல்லாக் கெர்னல்களுக்கும், அதன்பின் ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ ஆகிய இரண்டையும் இயக்குங்கள். எந்தக் கட்டளையாவது எச்சரிக்கை காட்டினால் அதைக் கடந்து போகாமல் நின்று படியுங்கள். எச்சரிக்கை ஏதும் இல்லையென்றால் வெளியே வந்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். கடவுத்தொடரைக் கேட்கும் பழைய திரை வரும்.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் உப்பளக் கணக்குகளை வைத்திருக்கும் மடிக்கணினியின் பேட்டரி போய் ஓராண்டாகிறது, மின்சாரத்தில் நேரடியாக இயக்கிவருகிறோம். டெபியன் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோது மின்தடை ஏற்பட்டது. இப்போது கிரப் பட்டியல் வருகிறது. ஆனால் கடவுத்தொடரைக் கேட்பதற்குப் பதிலாக, மேப்பர் அடைவில் ரூட் இல்லை என்று எச்சரித்துவிட்டு, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் காட்டி நிற்கிறது.

பதில்: மன்னார்குடி வாசகருக்கு நின்ற இடத்திலிருந்து உங்களுக்கு ஒரு மதகு தாண்டி வந்திருக்கிறது. கிரப் சரியாக வேலை செய்கிறது, கெர்னலும் ஏறிவிட்டது. தொடக்கத் தொகுப்புக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனதால் தொகுப்பு அரைகுறையாக எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி.

எளிய வழியை முதலில் முயலுங்கள். கிரப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் மேம்பட்ட விருப்பங்களுக்குள் சென்றால் பழைய கெர்னல் ஒன்று இருக்கும். புதுப்பிப்பு அதைத் தொட்டிருக்காது என்பதால், பெரும்பாலும் அது வழக்கம்போலக் கடவுத்தொடரைக் கேட்டுத் திறந்துவிடும். உள்ளே நுழைந்ததும் ‘டிபிகேஜி’ கட்டளையின் ‘கான்ஃபிகர்’ விருப்பத்தை, எல்லாவற்றுக்கும் என்னும் பொருள்பட ‘ஏ’ சேர்த்து இயக்கி, பாதியில் நின்ற நிறுவலை முடியுங்கள்.

அதன் பிறகும் தொகுப்பை எழுத முடியாமல் பிழை வந்தால், ‘டிஎஃப்’ கட்டளையால் பூட் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியனின் நிறுவல் நிரல் பல ஆண்டுகளாக அந்தப் பிரிவுக்கு அரை ஜிபி அளவுதான் ஒதுக்கிவந்தது. மூன்று நான்கு கெர்னல்கள் சேர்ந்துவிட்டால் அது நிரம்பிவிடும். நிரம்பிய பிரிவில் எழுதப்பட்ட தொகுப்பு, மின்தடையே இல்லாவிட்டாலும் அரைகுறையாகத்தான் இருக்கும். ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ பழைய கெர்னல்களை நீக்கும்; இப்போது எந்தக் கெர்னலில் நுழைந்தீர்களோ அதை மட்டும் கையால் அழித்துவிடாதீர்கள். இடம் கிடைத்ததும் தொகுப்பைப் புதுப்பியுங்கள்.

பழைய கெர்னலும் அதே இடத்தில் நின்றால் சிக்கல் கிரிப்ட்டேப்பில் இருக்கலாம். அந்த அடைப்புக்குறித் திரையிலேயே ‘கிரிப்ட்செட்டப் ஓப்பன்’ என்று இட்டுப் பாருங்கள். அந்த நிரல் உள்ளே இருந்தால், பூட்டைத் திறந்து, ‘எல்விஎம் விஜிசேஞ்ச்’ இட்டு, ‘எக்ஸிட்’ என்று சொன்னதும் கணினி தொடர்ந்து எழும். உள்ளே போனபின், கிரிப்ட்டேப்பில் உள்ள அடையாள எண்ணையும் ‘பிஎல்கேஐடி’ காட்டும் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். கோடுகள் உட்பட 36 எழுத்துகள் கொண்ட அந்த எண், பூட்டிய பிரிவுக்கு உரியதாக இருக்க வேண்டும். பூட்டுக்குள் இருக்கும் கோப்பமைவின் எண்ணைத் தவறுதலாக எழுதியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கண் ஏமாறுவது இயல்பு. ‘கிரிப்ட்செட்டப்’ என்ற நிரலே இல்லை என்று திரை சொன்னால், கிரிப்ட்செட்டப்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற பொதி நீங்கியிருக்கிறது. லைவ் யூஎஸ்பி வழியாக, மேலே சொன்ன முறையில் உள்ளே சென்று, அதை நிறுவ வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் உங்கள் ஊருக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபின், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில், பேட்டரி இல்லாத கணினியில் கெர்னல் புதுப்பிப்பைத் தொடங்க வேண்டாம். கணக்குக் கணினிக்கு ஒரு பேட்டரி வாங்கிவிடுங்கள். அந்தச் செலவை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து ஒரு வாசகி: கடவுத்தொடர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நேற்று வரை அதைத்தான் இட்டேன். கணினியின் விசைப்பலகையை முழுவதும் தமிழ்99க்கு மாற்றிய பிறகு, தொடங்கும்போது அதே கடவுத்தொடரைத் தவறு என்கிறது. ஒருமுறை மாற்றினால் பூட்டே மாறிவிடுமா?

பதில்: பூட்டு மாறாது அம்மா; நீங்கள் இடும் எழுத்துகள்தாம் மாறியிருக்கின்றன. தொடக்கத் தொகுப்பு உருவாகும்போது, ஈடிசியின் டிஃபால்ட் அடைவில் உள்ள கீபோர்டு கோப்பில் எந்த விசைப்பலகை எழுதியிருக்கிறதோ, அதையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அங்கே ஆங்கிலத்தை அறவே நீக்கித் தமிழை மட்டும் வைத்துவிட்டதால், நீங்கள் ‘ஏ’ விசையை அழுத்தும்போது கணினிக்கு ‘அ’ போய்ச் சேர்கிறது. திரையில் எழுத்து தெரியாத இடம் என்பதால் உங்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

தொகுப்பைப் புதுப்பிக்கும் கட்டளை, தனியே சொல்லாவிட்டால், ஆகப் புதிய கெர்னலுக்கு உரியதை மட்டுமே புதுப்பிக்கும். ஆகவே கிரப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களில் உள்ள பழைய கெர்னல் இன்னும் ஆங்கில விசைகளோடுதான் இருக்கும். அதன் வழியே உள்ளே நுழைந்து, கீபோர்டு கோப்பின் எக்ஸ்கேபி லேஅவுட் வரியில் அமெரிக்க ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘யுஎஸ்’ முதலிலும், காற்புள்ளிக்குப் பின் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐஎன்’ இரண்டாவதாகவும் இருக்குமாறு எழுதுங்கள். எக்ஸ்கேபி வேரியண்ட் வரியில் உள்ள தமிழ் வகையின் பெயருக்கு முன்பும் ஒரு காற்புள்ளி இடுங்கள். பின்னர்த் தொகுப்பைப் புதுப்பியுங்கள். தமிழ்99 உங்கள் திரையில் வழக்கம்போல இருக்கும். விசை மாற்றி அதற்குப் போய்க்கொள்ளலாம்.

இதையொட்டி, கடவுத்தொடரைப் புதிதாக அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறள் அடியையோ பழமொழியையோ ஆங்கில எழுத்தில் எழுதிக் கடவுத்தொடராக வைக்காதீர்கள். எல்லாரும் அறிந்த வரி என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆறு மாதம் கழித்து, ழகரத்துக்கு ‘இசட்-எச்’ போட்டோமா ‘எல்’ போட்டோமா, நெடிலுக்கு இரட்டை எழுத்து இட்டோமா ஒற்றை எழுத்து இட்டோமா என்று உங்களுக்கே நினைவு இருக்காது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத, எழுத்துப்பெயர்ப்பில் குழப்பம் தராத ஐந்தாறு சொற்களை, நடுவில் இடைவெளியோ எண்ணோ விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: விண்டோஸும் பூட்டிய டெபியனும் ஒரே மடிக்கணினியில் இருந்தன. விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் கிரப் பட்டியலே வருவதில்லை, நேராக விண்டோஸுக்குப் போகிறது. டெபியன் அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை தம்பி. யுஇஎஃப்ஐ வைத்திருக்கும் வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவே. கணினி தொடங்கும்போது தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்துங்கள். பல மடிக்கணினிகளில் அது எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். அதில் டெபியன் இருந்தால் தேர்ந்தெடுத்து நுழைந்து, ‘இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்’ கட்டளையால் வரிசையைப் பாருங்கள். அதே கட்டளையின் ‘ஓ’ விருப்பத்தால் டெபியனின் எண்ணை முன்னே கொண்டுவரலாம். விண்டோஸ் பகுதியில் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால், செக்யூர் பூட் போன்ற அமைவுகளை மாற்றும் முன் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் அது அந்த எண்ணைக் கேட்கக்கூடும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: என் மடிக்கணினி இதுவரை ஒழுங்காக இயங்குகிறது. பூட்டின் தலைப்பகுதியை நகலெடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கோப்புகளைத்தான் வாரந்தோறும் வேறு வட்டில் நகலெடுக்கிறேனே, இது எதற்கு? கடவுத்தொடரை மறந்தால் அந்த நகல் உதவுமா?

பதில்: கடவுத்தொடரை மறந்தால் உதவாது. சாவி இடுக்குகளில் வேறொரு கடவுத்தொடரைச் சேர்த்து வைத்திருந்தால் ஒழிய, மறந்தவருக்கு வேறு வழி இல்லை. “கடையில் கொடுத்தால் திறந்து தருவார்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லக்ஸ் 2இல் 32 சாவி இடுக்குகள் வரை உண்டு. இன்னொரு கடவுத்தொடரைச் சேர்த்து, அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது தவறன்று.

தலைப்பகுதி நகல் எதற்கு என்பதை, என் அனுபவத்தைக் கொண்டே சொல்கிறேன். கோயில் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் நாதஸ்வரக் கச்சேரிகளை ஆறு ஆண்டுகளாக நானே பதிவு செய்து, பூட்டிய ஒரு வெளிவட்டில் வைத்திருந்தேன். ஒரு நாள் நிறுவல் யூஎஸ்பி தயாரிப்பதற்காக ‘டிடி’ கட்டளையை இட்டபோது, யூஎஸ்பியின் பெயரில் கடைசி எழுத்து ‘சி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பி’ என்று அடித்துவிட்டேன். ‘பி’ என்பது அந்த வெளிவட்டு. இரண்டு மூன்று நொடிகளில் தெரிந்து நிறுத்தினேன். கச்சேரிகளில் பெரும்பகுதி அப்போதும் வட்டில் இருந்தது. ஆனால் வட்டின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்பகுதி போய்விட்டது. உண்மையான சாவி அந்தத் தலைப்பகுதிக்குள்தான் இருக்கிறது. நாம் இடும் கடவுத்தொடர் அந்தச் சாவியை வெளியே எடுக்கும் வழி மட்டுமே. என் கடவுத்தொடர் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது, அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று. மல்லாரியும் ரக்தியும் ஒலித்த அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட நான் மறுபடி கேட்கவில்லை. கோப்புகளையும் நான் வேறெங்கும் நகலெடுக்கவில்லை. நீங்கள் வாரந்தோறும் நகலெடுக்கிறீர்கள். இரண்டு நகல்களுக்கும் இடையே உள்ள ஆறு நாள் உழைப்பையாவது தலைப்பகுதி நகல் காப்பாற்றும்.

எடுப்பது எளிது. ‘கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெடர்பேக்கப்’ என்ற கட்டளை. ‘ஹெடர்’, ‘பேக்கப்’ இரண்டின் முதல் எழுத்துகளும் பெரிய எழுத்துகள். அதன்பின் பூட்டிய பிரிவின் பெயரையும், நகலை எழுத வேண்டிய கோப்பின் பெயரையும் அதற்கு உரிய விருப்பத்தோடு தாருங்கள். லக்ஸ் 2இல் கோப்பு சுமார் 16 எம்பி அளவில் இருக்கும். அதை அதே மடிக்கணினியில் வைத்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதாகும். இரண்டு யூஎஸ்பிகளில் எழுதி, ஒன்றை உங்கள் வீட்டிலும் ஒன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். எந்தக் கணினியின் எந்தப் பிரிவுக்கு உரியது, எந்தத் தேதியில் எடுத்தது என்பதை மேலே ஒட்டுங்கள்.

தேதி முக்கியம். கடவுத்தொடரை மாற்றியபின் பழைய நகலை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. அந்த நகலில் பழைய கடவுத்தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அறிந்தவர் கையில் நகலும் வட்டும் கிடைத்தால், நீங்கள் கடவுத்தொடரை மாற்றியதற்குப் பொருளே இல்லாமல் போகும். ஆகவே மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய நகலை எடுத்து, அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அந்தக் கோப்பின் மீதே ‘லக்ஸ்டம்ப்’ இட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பழையதை அழியுங்கள்.